பைபிளில் அடித்துச் சத்தியம் செய்ய வேணுமா?

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் எந்தப் பக்கம் வாடகை குறைவு, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், பிறகு இது: “கவுன்சில் தேர்தலில் நின்று வென்றால் பைபிளில் கை வைத்துச் சத்தியப்பிரமாணம் எடுக்க வேணுமாம், சைவக்காரர் என்ன செய்வது?” முதல் இரண்டுக்கும் ஹரோவில் இருக்கிறவர் ஒன்று சொல்வார், ஈஸ்ட்ஹாமில் இருக்கிறவர் வேறொன்று சொல்வார். அதை அவர்களிடமே விடுகிறேன். மூன்றாவதை விட மனமில்லை. நாங்கள் வந்த காலத்திலும் இதே கதைதான் ஓடியது. சொன்னவர்களில் ஒருவரும் அந்தப் படிவத்தைக் கண்ணால் கண்டதில்லை.

கவுன்சிலருக்குப் பைபிளும் இல்லை, கீதையும் இல்லை. கடவுள் என்ற சொல்லோ அரசரின் பெயரோகூட அதில் வராது. இருப்பது ஒரு தாள். இந்தப் பதவியை ஏற்கிறேன், என் அறிவுக்கும் திறமைக்கும் எட்டியவரை கடமையை உண்மையாகச் செய்வேன் என்ற கருத்தில் சில வரி, கீழே கையெழுத்து. அதற்கென்று நியமித்த கவுன்சில் அதிகாரி முன்னால் போடலாம், கவுன்சிலர்கள் இருவர் முன்னாலும் போடலாம்.

சறுக்குகிற இடம் தேதி. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி, தேர்தல் நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அந்தத் தாள் கவுன்சிலிடம் போய்ச் சேர வேணும். சேராவிட்டால் இருக்கை காலி. வழமையாகத் தேர்தல் மே முதல் வியாழன். வென்ற கையோடு ஊருக்குப் பறந்து, ஜூலை நடுவில் திரும்பினால் கவுன்சிலர் பதவி இருக்காது. கையெழுத்துப் போடும்வரை கூட்டத்தில் கவுன்சிலராக வாக்களிக்கவும் ஏலாது. ஆகவே முதலில் கையெழுத்து, பிறகு மாலையும் பொன்னாடையும். எங்கட ஆக்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள்.

புத்தகம் உண்மையில் வருகிற இடம் பாராளுமன்றம். சபையின் மேசையடியில் வரிசையாக வருவார்கள். உங்கள் சமய நூலைக் கையில் தந்து, வாசகம் அச்சடித்த அட்டையைக் காட்டுவார்கள். வாசித்து முடித்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, சபாநாயகரிடம் கை கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ரிஷி சுனக் எடுத்தது கீதையில். கடவுளின் பெயர் வேண்டாதவர் புத்தகம் தொடாமல் உறுதிமொழி சொல்லலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே பெறுமதி. ஆனால் இரண்டிலும் அரசருக்கு விசுவாசம் சொல்லியே ஆக வேணும். அதைச் சொல்லாமல் விவாதத்தில் அமர்ந்தால் ஒவ்வொரு தடவைக்கும் 500 பவுண் தண்டம், இருக்கையும் போகும். சம்பளமும் கிடையாது.

இந்தத் தெரிவு சும்மா வந்ததில்லை. 1847இல் லண்டன் சிட்டியில் வென்ற யூதரான லயனல் டி ரோத்ஸ்சைல்ட், கிறிஸ்தவ வாசகத்தைச் சொல்ல மறுத்ததால் 1858 வரை உள்ளே அமர முடியவில்லை. நாத்திகர் சார்ள்ஸ் பிராட்லா 1880இல் வென்றும், இருக்கையில் தடையில்லாமல் அமர 1886 ஆகிவிட்டது. எங்களுக்கும் இது புதிதில்லை. இலங்கை அரசியலமைப்புக்கு 1983இல் கொண்டுவந்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை, தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்பதை, எடுக்க மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்பிமார் இருக்கைகளை இழந்தார்கள். ‘ஒரு வரிதானே, வாசித்துவிட்டுப் போகலாம்’ என்று சொல்கிறவர்களோடு அதனால்தான் எனக்கு ஒத்துப்போவதில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அமெரிக்கப் படங்களை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே பிரதிநிதிகள் சபையில் எல்லாரும் ஒன்றாகக் கை உயர்த்தித்தான் சத்தியம் செய்கிறார்கள். புத்தகம் வருவது அதற்குப் பிறகு எடுக்கிற படத்துக்கு. 2007இல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எலிசன் கை வைத்த, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனிடம் இருந்த குர்ஆனும் அப்படி வந்ததுதான்.

திருவாசகத்திலோ தேவாரத்திலோ செய்யலாமா என்றால், பிரித்தானிய நீதிமன்றத்துக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவரும் யூதரும் அல்லாதவருக்குச் சட்டபூர்வமான எந்த முறையையும் அனுமதிக்கிறது. இந்துக்களுக்குப் பொதுவாக நீட்டுவது கீதை. வேறு நூல் வேணுமென்றால் முன்கூட்டியே அலுவலரிடம் கேளுங்கள், சொந்தப் பிரதியைக் கொண்டுபோங்கள். கூண்டில் ஏறி நின்றுகொண்டு தேடாதீர்கள்.

இவ்வளவும் நீங்கள் வேட்பாளராக நிற்க முடிந்தால்தான். வேலை விசாவில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொதுநலவாய நாட்டவர் என்பதால் இப்போதே பதிந்து வாக்களிக்கலாம், நிற்க ஏலாது. அதற்கு நிரந்தர வதிவிடம் வேணும். அது கிடைத்த பிறகும் வேட்புமனுவில் பெயரைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக விழுந்திருந்தால், வாக்குச்சீட்டின் அகரவரிசையில் நிற்கப்போவதும் அப்பாவின் பெயர்தான். ஊருக்குள் தெரிந்த பெயரைப் போட அந்தப் படிவத்திலேயே தனிப்பெட்டி இருக்கிறது. எங்கட ஆக்கள் அதை வெறுமையாக விட்டுவிட்டு, வாக்குச்சீட்டு அச்சான பிறகுதான் கவுன்சிலுக்கு ஃபோன் அடிப்பார்கள்.