இரண்டு இரண்டாகத் தெரியும் பார்வை

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, நெடுநாள் சர்க்கரை. போன வாரம் தூங்கி எழுந்ததும் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. இடது கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கிறது. ஆறாவது நரம்பு செயலிழந்திருக்கிறது, தானே சரியாகும் என்கிறார் டாக்டர். குறுவை நடவு நேரம். பைக்கில் வயலுக்குப் போகலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: பைக், டிராக்டர் இரண்டும் இப்போது வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடாது. வரப்பில் நடக்கும்போதும் கூட ஆள் இருக்கட்டும்.

கண்ணை வெளிப்புறம் இழுக்கும் தசையை இயக்குவது ஆறாவது நரம்பு. சர்க்கரையாலோ ரத்தக் கொதிப்பாலோ அதற்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய் அடைபட்டால் தசை தளர்ந்துவிடும். உள்பக்கத் தசைக்கு எதிர்ப்பு இல்லாததால் கண் மூக்கை நோக்கிப் போகிறது. அதனால்தான் இடதுபுறமாகத் தூரத்தில் பார்க்கும்போது இரட்டை அதிகமாகத் தெரியும்.

இந்த வகை பெரும்பாலும் 3 மாதத்தில், தள்ளிப்போனால் 6 மாதத்தில் தெளிந்துவிடும். நரம்பைச் சீக்கிரம் குணமாக்கும் மாத்திரை கிடையாது. குறைபாடு இல்லாதவருக்கு பி12 ஊசி போடுவது வீண் செலவு. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வரவேண்டும். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது நல்லது. அப்பாவுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை சமாளிக்க, கண்ணாடியின் இடது லென்ஸில் வெள்ளை மைக்ரோபோர் டேப்பை முழுக்க ஒட்டுங்கள். இரட்டை உடனே மறையும், தலைசுற்றலும் குறையும். கண்ணாடி போடாதவர் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் கண் பட்டை போதும். இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட லென்ஸில் ஒட்டும் பிரிஸமும் உண்டு, கண் மருத்துவர் அளந்து தருவார். 6 மாதம் கழித்தும் கண் கோணம் மாறாமல் நின்றால்தான் தசை அறுவை சிகிச்சை.

3 மாதத்தில் துளியும் முன்னேற்றம் இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. அவசியம். கடும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், கை கால் தளர்ச்சி வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். ஒரு பக்க இமை தொங்கி, அந்தக் கண்ணின் கண்மணியும் விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாய் புடைத்து மூன்றாவது நரம்பை அழுத்தலாம். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

டெல்டாக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. தரையில் படுத்து எழுந்தவருக்கு இரண்டு இமையும் தொங்கி, இரட்டைப் பார்வையும் வயிற்று வலியும் வந்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடி வலிக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். அடுத்து எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் திணறும். சர்க்கரைதான் காரணம் என்று உட்கார்ந்துவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.