நன்கொடை வந்துகொண்டே இருந்தும் ஹாஸ்பிஸ்கள் ஏன் பணமில்லை என்கின்றன?

மக்கள் தாராளமாகக் கொடுக்கிறார்களே, பிறகும் ஹாஸ்பிஸ்கள், அதாவது இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்கள், ஏன் திண்டாடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் இல்லத்துக்கு 6 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் இல்லத்தின் பின்புறம் ஓர் அறையில் 17 சக்கர நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. இல்லத்தில் இருந்த படுக்கைகளே 12தான். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் யாரோ ஒருவரின் பெயர், 'நினைவாக' என்ற சொல்லோடு. இரவுப் பணிக்குச் செவிலியர் கிடைக்காமல் 4 படுக்கைகளை மூடிய மாதத்தில்கூட இரண்டு நாற்காலிகள் வந்து இறங்கின. மெத்தை சுருட்டி வைத்திருந்த கட்டில்களைப் பார்த்துவிட்டு ஒருவர், "இடம் காலியாகத்தானே இருக்கிறது, என் அப்பாவை ஏன் சேர்க்க மறுக்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இந்த வேலையில் செலவின் பெரும்பகுதி சம்பளம். கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை பழைய மருந்து, மலிவானது. அதை எத்தனை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு கொடுப்பது, மலச்சிக்கல் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கவனிக்கத்தான் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு செவிலியரின் மூன்று மாத இரவுப் பணியில் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. அதனால் அதற்குப் பணம் வருவதும் அரிது.

தனி மனிதர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், அரசும் அப்படித்தான். ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு அதுதான் தாய்வீடு. அந்த இங்கிலாந்திலேயே பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அரசுப் பணம். மீதியெல்லாம் உயில், பழைய பொருள் விற்கும் கடை, நிதி திரட்டும் ஓட்டம், உண்டியல். 2024 டிசம்பரில் அரசு 10 கோடி பவுண்டு அறிவித்தது, கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும். 2025 ஏப்ரலில் ஊழியர்களின் சம்பளத்தின் மேல் முதலாளிகள் அரசுக்குச் செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்கு 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. ஹாஸ்பிஸ்களுக்கு விலக்கு இல்லை. கூரையைச் சரிசெய்யப் பணம் கிடைத்தது, சம்பளப் பட்டியல் கனத்துவிட்டது. எங்கள் நாற்காலி அறையின் பெரிய பதிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

உயில் பணம் இன்னொரு தலைவலி. அடுத்த ஆண்டு எத்தனை பேர் நமக்கு எழுதிவைத்துவிட்டு இறப்பார்கள் என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகையைப் போட வேண்டும். அந்த வரியை எழுதும்போதெல்லாம் கை கூசும். எழுதிய தொகை வந்த ஆண்டும் உண்டு, சொத்து வழக்கில் மாட்டிக்கொண்ட ஆண்டும் உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தந்தது வேறு. எங்கள் செவிலியர் ஒருவர் வீட்டுக்கே போய் வலியைக் கட்டுப்படுத்திவிட்டால், ஒரு ஆம்புலன்ஸ் பயணமும் நான்கு நாள் மருத்துவமனைப் படுக்கையும் மிச்சம். அந்த மிச்சம் மருத்துவமனையின் கணக்கில் சேரும். எங்கள் ஏட்டில் பெட்ரோல் செலவுதான் ஏறும். செலவைத் தாங்குபவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை எவ்வளவு உண்டியல் குலுக்கினாலும் போதாது. கேரளம் 2008இல் இதற்கென ஒரு கொள்கை வகுத்து, வீட்டுப் பராமரிப்பை உள்ளாட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது. நான் அறிந்தவரை உருப்படியான வழி அதுதான்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் சிறு தொகையை மாதாமாதம், இதற்குத்தான் என்று நிபந்தனை போடாமல் கொடுங்கள். எங்களுக்கு அப்படி அனுப்பியவர்கள் 41 பேர். அந்தப் பணத்தில் வாரத்துக்கு மூன்று இரவுகள், வீட்டிலிருக்கும் நோயாளிகள் அழைத்தால் போவதற்கு ஒரு செவிலியரை அமர்த்தினோம். மற்ற நான்கு இரவுகளிலும் அழைத்தவர்களுக்கு ஒலிப்பதிவுக் குரல்தான் பதில் சொல்லியது.