புகலிட அறையில் பாடினால் குரல் எதிரொலிக்கிறது: புது மைக் தேவையா?

வணக்கம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அவசரகாலப் பாதுகாப்புக்காகக் கட்டிய புகலிட அறையில் பதிவு செய்த குரல் குளியலறையில் பாடியதுபோல் ஒலிக்கிறது, புது மைக் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். கோளாறு அறையில்தான். தடித்த கான்கிரீட் சுவர் வெளிச்சத்தத்தைக் குறைக்கும். ஆனால், உங்கள் குரலை அப்படியே திருப்பி அடிக்கும். அங்கே ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிறகு படுக்கையறையில், துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் தட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

நான் அம்மாவின் பட்டுச் சேலைகள் தொங்கும் அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றுதான் பாடுகிறேன். பின்னால் தொங்கும் துணி, மைக்கின் வாய்க்குத் திரும்பிவரும் ஒலியை உறிஞ்சிவிடும். எதிரே ஒரு கனத்த போர்வை. வாய்க்கும் மைக்கிற்கும் ஒரு சாண் இடைவெளி. குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள், வியர்க்கும், பரவாயில்லை.

பதிவுசெய்யும்போது மென்பொருள் காட்டும் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். உச்ச வரம்பான சுழியத்தைத் தொட்டுச் சிதைந்த குரலை மீட்பது மிகக் கடினம்.

குரலையும் இசையையும் சேர்க்கும் கலவையில் கீபோர்டு குரலை மூடுகிறது என்றீர்களே, குரலை ஏற்றாதீர்கள். ஈக்வலைசரில் (ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) கீபோர்டுக்கு 2,000 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறையுங்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். செய்துபார்த்துவிட்டு அந்தப் பதிவை இங்கே ஏற்றுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.