டொங்கிளைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க

கேள்வி: அண்ணை, வீட்டோட சேத்து ரெண்டு ரூம் டூரிஸ்ட் ஆக்களுக்குக் குடுக்கிறம். ரவுட்டர் முன் ஹோல்ல, பின் ரூமுக்கு சிக்னல் இல்ல. அதால பழைய லேப்டொப்ல லினக்ஸ் போட்டு, ரவுட்டர்ல இருந்து வயர் இழுத்து, டுவல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டும் பிடிக்கிற) யூஎஸ்பி வைஃபை டொங்கிள் குத்தி, ஹோஸ்ட்ஏபிடி எண்ட லினக்ஸ் புரோகிராமால அக்சஸ் பொயிண்ட், அதாவது ஃபோன்கள் வந்து சேருற வைஃபை மையம், ஆக்கினன். 2.4ல ஓடுது, 5க்கு மாத்தினா ஸ்டார்ட்டே ஆகுதில்ல. நாலு ஃபோன் சேந்தா டொங்கிளே காணாமப் போகுது. கடைக்காரர் பழுது எண்டுறார், உண்மையா?
- வாசகர், உப்புவெளி

பதில்: பழுதா இருக்காது தம்பி, அவசரப்பட்டு எறிஞ்சிடாதீங்க. டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) 'ஐடபிள்யூ லிஸ்ட்' அடிச்சுப் பாருங்க, சப்போர்ட்டட் மோட்ல 'ஏபி' (அக்சஸ் பொயிண்ட்) எண்டு இருக்கும், 2.4ல ஓடுறதால அதில சந்தேகமில்ல. கீழ 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் வரிசையில 5180 மெகாஹெர்ட்ஸ், சேனல் 36 எண்டதுக்குப் பக்கத்தில 'நோ ஐஆர்' எண்டு நிக்குதா? அதுதான் உங்கட வியாதி. நீயா முதல்ல பேசத் தொடங்காத எண்டு அர்த்தம். டொங்கிள் ஃபோன் மாதிரி ஒரு ரவுட்டரோட சேரேக்க ரவுட்டர் முதல்ல பேசும், பிரச்சினை இல்ல, ஆனா அக்சஸ் பொயிண்ட் தானே முதல்ல பேசவேணும், அதால ஹோஸ்ட்ஏபிடி படுத்திடும். எந்த நாடு எண்டு சொல்லாட்டி லினக்ஸ் 00 எண்ட பொது விதியில நிண்டு இப்பிடித்தான் தடுக்கும். 'ஐடபிள்யூ ரெக் செட் எல்கே' குடுங்க (எல்கே எண்டா இலங்கை), ஹோஸ்ட்ஏபிடியின்ர கொன்ஃபிக் ஃபைல்ல கன்ட்ரி கோட் எல்கே, ஹெச்டபிள்யூ மோட் 'ஜி'ய (2.4) 'ஏ' (5) ஆக்குங்க, சேனல் 36. 52ல இருந்து 144 வரைக்கும் ரேடாருக்கு வழி விடவேண்டிய சேனல்கள், அந்தப் பக்கம் போக வேணாம். லினக்ஸில நெட் இணைப்பப் பாக்கிற நெட்வொர்க் மேனேஜரும் அதே டொங்கிளப் பிடிச்சு வச்சிருந்தா விடச் சொல்லுங்க, இல்லாட்டி ரெண்டும் இழுபறிப்படும்.

டொங்கிள் காணாமப் போறது வேற கதை, எனக்குப் படுறது கரண்ட். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஅம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 எண்டா 900. ஃபோன்கள் கூட, டொங்கிள் கூட இழுக்கும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரோ பவர் இல்லாத ஹப்போ நடுவில இருந்தா வோல்டேஜ் விழுந்து கழண்டு போகும். விழுந்த உடன டெர்மினல்ல 'டிமெஸ்ஜி' அடிச்சு லினக்ஸின்ர பதிவுகளப் பாருங்க, 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' எண்டு இருந்தா அதுதான், வயரக் கழட்டி நேரா போர்ட்ல குத்துங்க. உப்புக் காத்துக்குப் போர்ட்டில பச்சை பிடிச்சிருக்கா எண்டும் டோர்ச் அடிச்சுப் பாருங்க, கடக்கரை வீட்டில அது சாதாரணம்.

இன்னொண்டு, டுவல் பேண்ட் எண்டா ரெண்டும் ஒரே நேரத்தில எண்டு நினைக்காதீங்க. இந்த டொங்கிள்ல அனேகமா ஒரு ரேடியோதான், ஒரு நேரம் ஒரு பேண்ட். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவர் தாண்டக் கஷ்டப்படும், அதால லேப்டொப்ப பின் ரூமுக்கே கொண்டு போங்க. பழைய ஃபோன்காரர் வந்து வைஃபை காட்டுதில்ல எண்டு சொன்னா அண்டைக்கு மட்டும் 2.4க்கு மாத்திக் குடுங்க.