மூளைக் கட்டிக்கு லேசர், சீக்கிரமே கரண்ட்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கேள்விகளும் என் பதிலும்

நான் ரேடியேஷன் டாக்டர், சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். லேசர்ல மூளைக் கட்டிய எரிச்சுட்டு உடனே கரண்ட் ஆரம்பிச்சிடலாமாமேன்னு ஓசூர்ல இருந்து அரூர் வரைக்கும் கேக்கறாங்க, அதனால அந்த மாதிரி கேள்விங்கள சேத்து வச்சு பதில் எழுதறேன். கரண்ட்னு நாம சொல்றது ரேடியேஷன். உடம்புல மின்சாரம் எதுவும் பாயாது, எக்ஸ்ரே மாதிரி கதிர்தான், ஆனா ஊர்ல எல்லாரும் சொல்ற பேரு அது, நானும் அப்படியே எழுதறேன்.

ஓசூர்ல இருந்து ஒரு மகள்: அப்பாக்கு 58 வயசு. கிளையோபிளாஸ்டோமாங்கற மூளைப் புற்றுக் கட்டி, மூளைக்கு நடுவுல தாலமஸ்ங்கற இடத்துல. ஓபன் பண்ணி எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. லேசர் பண்ணா கட்டி போயிடுமா டாக்டர்?

அம்மா, லேசர்னா என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். மண்டை ஓட்டுல சில மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை போட்டு, அது வழியா மெல்லிசான ஒரு ஃபைபர கட்டிக்குள்ள நேரா இறக்குவாங்க. அதே ஓட்டை வழியா பயாப்ஸிக்கும் துளி சதை எடுத்துக்கலாம். அப்பா மயக்கத்துல எம்.ஆர்.ஐ மிஷினுக்குள்ளயே படுத்திருப்பாரு, லேசர் ஆன் பண்ணதும் ஃபைபர் நுனிய சுத்தி சூடு பரவும், எந்த இடத்துல எவ்வளவு சூடுன்னு டாக்டர் ஸ்க்ரீன்ல கலர் கலரா பாத்துட்டே இருப்பாரு. 43 டிகிரி சூடு சில நிமிஷம் தொடர்ந்து பட்டாலே செல்லு சாக ஆரம்பிக்கும், 60 டிகிரிய தொட்டா முட்டை வெள்ளைக்கரு மாதிரி அங்கயே வெந்துடும். கை கால் நரம்பு ஓடற பக்கம் சூடு போகுதுன்னு தெரிஞ்சா உடனே ஆஃப் பண்ணிடுவாங்க.

உங்க அப்பாக்கு இருக்கற மாதிரி ஆழத்துல, சுமாரா 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கற கட்டிக்குத்தான் இது நல்லா பொருந்தும். பெரிய கட்டி மூளைய தள்ளிட்டு இருந்தா நான் லேசர் வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னா எரிஞ்ச கட்டி வெளிய வராது, உள்ளயேதான் கிடக்கும், அது மேல வீக்கமும் சேந்தா மண்டைக்குள்ள இடம் பத்தாது.

போயிடுமான்னு கேட்டீங்க. இந்த கட்டி அருகம்புல்லு மாதிரிம்மா, மேல செதுக்கி எடுத்தாலும் அடியில வேரு ஓடிட்டே இருக்கும். ஸ்கேன்ல தெரியற எல்லைக்கு வெளியவும் செல்லு பரவி நிக்கும். அதனால லேசரோ ஓபனோ எது பண்ணாலும் பின்னாடி கரண்டும் டெமோசோலமைடுங்கற கீமோ மாத்திரையும் கட்டாயம். 2005-ல வந்த பெரிய ட்ரையல்ல கரண்ட் மட்டும் வாங்கினவங்கள்ல 2 வருஷம் தாண்டினவங்க நூத்துக்கு 10 பேரு, மாத்திரையும் சேத்து வாங்கினவங்கள்ல 26 பேரு. முழுசா குணம்னு நான் சொல்ல மாட்டேன், அப்பாகிட்ட இருக்கற காலத்த கூட்ட முடியும், அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

கிருஷ்ணகிரில இருந்து ஒரு தம்பி: ஓபன் ஆபரேஷன் பண்ணா ஒரு மாசம் கழிச்சுதான் கரண்ட்ங்கறாங்க, லேசர்னா ரெண்டு வாரத்துலயேங்கறாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா அவ்வளவு லாபமா?

நல்ல கேள்வி தம்பி, இத நிதானமா பாக்கணும்.

ஓபன் ஆபரேஷன்ல தலைத்தோல பெருசா மடிச்சு, எலும்ப கழட்டி, திரும்ப வச்சு தைப்பாங்க. அந்த தையல் ஆறாம கதிர் வச்சா புண்ணு பிரிஞ்சுக்கும், சீழ் பிடிக்கும், அப்பறம் எல்லாமே நின்னுபோயிடும். அதனாலதான் 3-ல இருந்து 6 வாரம் விடறோம். லேசர்ல ஒண்ணு ரெண்டு தையல்தான், நெறைய பேரு ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்கு போயிடறாங்க, அதனால 2 வாரத்துலயே கரண்ட்டுக்கு தயாராயிடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு ரொம்ப ஆர்வமான விஷயம் இது. ரத்தத்துல இருக்கறது எல்லாம் மூளைக்குள்ள போயிடாம ஒரு தடுப்பு இருக்கு, பல கீமோ மருந்து அத தாண்டவே முடியாது. லேசர் சூடு பட்ட இடத்தோட ஓரத்துல அந்த தடுப்பு கொஞ்ச நாள் திறந்து கிடக்கு. அமெரிக்காவுல செயிண்ட் லூயிஸ்ல இருக்கற வாஷிங்டன் யுனிவர்சிட்டிக்காரங்க 2016-ல வெளியிட்ட சின்ன ஆய்வுல, லேசர் முடிஞ்ச முதல் 1, 2 வாரத்துல அது அதிகமா திறந்திருக்கு, 4-ல இருந்து 6 வாரத்துல மூடிக்குதுன்னு காட்டினாங்க. கதவு திறந்திருக்கும்போதே மருந்து உள்ள போகட்டும்ங்கறதுதான் சீக்கிரம் ஆரம்பிக்கறதுக்கு பின்னாடி இருக்கற யோசனை. அதுவும் கட்டிய சுத்தி பரவி நிக்கற செல்லுங்க இருக்கறது சரியா அந்த ஓரத்துலதான்.

ஆனா இத கேட்டுட்டு ஓபன் பண்ணவங்க பயந்துடக்கூடாது. அமெரிக்காவுல ஆர்.டி.ஓ.ஜிங்கற ரேடியேஷன் ஆராய்ச்சிக் குழு அவங்களோட பழைய ட்ரையல் கணக்கெல்லாம் சேத்து 2009-ல பாத்தப்போ, ஆபரேஷனுக்கு அப்பறம் 6 வாரத்துக்குள்ள கரண்ட் ஆரம்பிச்சவங்களுக்கு கொஞ்சம் தள்ளிப்போனதால நஷ்டம்னு எதுவும் தெரியல. கட்டிய ஓபன்ல நல்லா எடுக்க முடியும்னா, சீக்கிரம் கரண்ட் வைக்கலாம்ங்கறதுக்காக மட்டும் லேசருக்கு மாறாதீங்க, எடுக்க முடிஞ்ச கட்டிக்கு இன்னைக்கும் முதல் வழி ஓபன்தான். எனக்கு கவலை 6 வாரத்த தாண்டறதுலதான். பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒருத்தர வேற இடத்துல ஆபரேஷன் முடிச்சு கூட்டிட்டு வந்தாங்க, 9 வாரம் ஆயிருந்துச்சு. என்னாச்சுன்னு கேட்டா, பயாப்ஸி ரிப்போர்ட் ரெடியாயி ஒரு மாசமா அந்த கவுண்டர்லயே கிடந்திருக்கு, இவங்களுக்கு போன் பண்ணி சொல்ல ஆளில்ல, இவங்களும் அவங்களே கூப்பிடுவாங்கன்னு காத்திருந்திருக்காங்க. புது ஸ்கேன்ல கட்டி பழைய அளவுக்கே வந்து நின்னுச்சு. அவர கூட்டிட்டு வந்த அம்மா பில்லையெல்லாம் மஞ்சப்பையில மடிச்சு வச்சு என் டேபிள்ல ஒண்ணொண்ணா எடுத்து வச்சது இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதனால ஆபரேஷன் முடிஞ்ச பத்தாம் நாள் நீங்களே போய் ரிப்போர்ட் கேளுங்க. ஐ.டி.எச், எம்.ஜி.எம்.டின்னு கட்டியோட மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்பியாச்சான்னும் கேளுங்க, எம்.ஜி.எம்.டி மெத்திலேட்டட்னு வந்தா டெமோசோலமைடு கூடுதலா வேலை செய்யும். தையல் ஆறட்டும்னு சும்மா இருக்காம அந்த நாள்லயே ரேடியேஷன் டாக்டர பாத்துடுங்க, ஏன்னா தலை அசையாம இருக்க முகத்துக்கு மாஸ்க் செஞ்சு, சி.டி ஸ்கேன் எடுத்து, பிளான் போடவே எங்களுக்கு ஒரு வாரம் பக்கமா ஆயிடும்.

ஊத்தங்கரைல இருந்து: என் வீட்டுக்காரருக்கு வெளியூர்ல லேசர் பண்ணாங்க. மூணாவது வாரம் ஸ்கேன்ல கட்டி முன்ன விட பெருசா இருக்குன்னு எழுதியிருக்கு. ஏமாந்துட்டோமா?

இல்லம்மா, அழாதீங்க. லேசருக்கு அப்பறம் முதல் சில வாரம் அப்படித்தான் தெரியும். வெந்த திசுவும் சுத்தி வர்ற வீக்கமும் சேந்து ஸ்கேன்ல பெருசா காட்டும், மாசக்கணக்குல மெல்ல மெல்லதான் சுருங்கும். கரண்ட் முடிஞ்ச முதல் 3 மாசத்துலயும் இதே மாதிரி பொய்யா வளந்த மாதிரி காட்டறது உண்டு. அந்த ஒரு படத்த வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, முன்ன எடுத்த எல்லா ஸ்கேன் சிடியையும் கூட வச்சு ஒரே டாக்டர் பாக்கணும். ஆனா தலைவலி கூடிட்டே போகுது, வாந்தி, ஒரு பக்கம் கை தளருது, தூங்கிட்டே இருக்காருன்னா ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு டோஸ் மாத்த வேண்டியிருக்கும்.

காவேரிப்பட்டணம்: காமா நைஃப்பும் இந்த லேசரும் ஒண்ணுதானே?

இல்லைங்க. காமா நைஃப் கோபால்ட்டோட கதிர், வெளிய இருந்து குவிப்பாங்க, ஓட்டை கிடையாது. லேசர் வெறும் சூடு, உள்ள ஃபைபர் போகணும்.

அரூர்ல இருந்து ஒரு பேரன்: பாட்டிக்கு 72. ஆபரேஷன் ஆச்சு. 30 நாள் கரண்ட் தாங்குவாங்களா? முகத்துல மாஸ்க் போட்டு கட்டி வைப்பாங்கன்னு கேட்டு பயப்படறாங்க.

பாட்டி வயசுக்கு 30 தடவ வேண்டியதில்ல தம்பி. வயசு கம்மியானவங்களுக்கு 6 வாரத்துல 30 தடவ, மொத்தம் 60 கிரே (கிரேன்னா கதிர் அளவு). வயசானவங்களுக்கு 3 வாரத்துல 15 தடவ, 40 கிரே, கூடவே டெமோசோலமைடு. இது 2017-ல வந்த ட்ரையல்ல நிரூபிச்ச முறை. அரூர்ல இருந்து அலையறது பாதியா குறையும், இத டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

மாஸ்க் பத்தி பாட்டிக்கு இப்படி சொல்லுங்க. வெள்ளையா ஓட்டை ஓட்டையா ஒரு ஷீட், வலை மாதிரி இருக்கும். அத வெந்நீர் தொட்டில போட்டா தோசை மாவு மாதிரி தொளதொளன்னு ஆயிடும், எடுத்து துடைச்சு முகத்து மேல வச்சு மெதுவா இழுத்து விடுவோம். ஈரத்துணிய இளஞ்சூட்டுல முகத்துல போட்ட மாதிரி இருக்கும், சில நிமிஷத்துல கெட்டியாயிடும். மூக்கு வாய் எல்லாம் காத்து வரும். தினம் மேஜைல படுக்கறது கால் மணி நேரம்தான், வலி துளிகூட இருக்காது. கோடு மார்க்கெல்லாம் மாஸ்க் மேலதான் போடுவோம், முகத்துல இல்ல. பாட்டி மூக்குத்திய மட்டும் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வரச்சொல்லுங்க.

தர்மபுரில இருந்து: டெமோசோலமைடு சாப்பிட்டா வாந்தி வருது. களி, மாம்பழம் சாப்பிடலாமா? நாட்டு மருந்து கூட சேத்துக்கலாமா?

வெறும் வயித்துல போடுங்க, அதுக்கு அரைமணி முன்னாடி வாந்தி மாத்திரை. கேப்ஸ்யூல பிரிச்சு தண்ணில கரைக்காதீங்க. வாரா வாரம் ரத்த டெஸ்ட் விட்டுடக்கூடாது, தட்டணு இறங்கறத அதுலதான் பாக்க முடியும். களி தாராளமா சாப்பிடலாம். மாம்பழத்துக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லணும்: வீக்கத்துக்கு குடுக்கற டெக்ஸாமெத்தசோன் சர்க்கரைய ஏத்திவிடும், சர்க்கரை வியாதி இல்லாதவங்களுக்கும்தான். நம்ம ஊர்ல சீசன்ல தட்டு நெறைய வெட்டி வச்சு நோயாளிக்கு ஊட்டறாங்க, பாசம்தான், ஆனா சுகர் பாத்துட்டு ஒரு துண்டு போதும். டெக்ஸா மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது. நாட்டு மருந்து இந்த 6 வாரமும் வேண்டாங்க, கல்லீரல் எதனால கெட்டுச்சுன்னே தெரியாம கரண்டையும் நிறுத்த வேண்டி வந்துடும்.

பர்கூர்: நம்ம பக்கம் லேசர் இல்லையே, பணமும் இல்ல. என்ன பண்றது?

லேசர் இல்லன்னு சிகிச்சைய தள்ளிப்போடாதீங்க. கட்டி எடுக்கற இடத்துல இருந்தா ஓபன், இல்லன்னா பயாப்ஸி மட்டும் எடுத்துட்டு கரண்டும் மாத்திரையும். நெறைய பேருக்கு நான் குடுக்கறது இதுதான். பர்கூர், கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு பெங்களூருல மூளை நரம்புக்கான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க ஆபரேஷன் பண்ணிட்டு பக்கத்துலயே கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரில கரண்ட் வாங்கலாம். இந்தப் பக்கம் வேலூர் சி.எம்.சி, சென்னைல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். முதலமைச்சர் காப்பீடு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, அட்டை இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு கவுண்டர்ல வருமான சான்றும் ரேஷன் கார்டும் குடுத்து எடுத்துடுங்க, ஆபரேஷன் தேதிக்கு முன்னாடியே. நீங்க போகப்போற ஆஸ்பத்திரில, முக்கியமா பெங்களூருல, அந்த அட்டைய எடுத்துக்கறாங்களான்னு போன்ல கேட்டுட்டு பஸ் ஏறுங்க. ஸ்கேன் சிடி, பயாப்ஸி ரிப்போர்ட்டோட சேத்து அந்த சதை வச்ச மெழுகு பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கி கையிலயே கொண்டு போங்க, அது இல்லன்னா அங்க போய் திரும்ப 10 நாள் போயிடும்.