மின்சார கார் பிரேக் குழாயில் கசிவு: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். 2021இல் வாங்கிய மின்சார எஸ்யூவி; முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போன வாரம் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஊற்றியதும் விளக்கு அணைந்தது; மூன்றே நாளில் மறுபடி எரிகிறது. குனிந்து பார்த்தால், பின்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் ஒரு கிளிப் அருகே துருவேறி ஈரமாக இருக்கிறது. வண்டி என்னவோ நன்றாகத்தான் நிற்கிறது. பக்கத்து மெக்கானிக், அரை அடி வெட்டிச் செம்புக் குழாய் வைத்து இணைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், மின்சார வண்டியில் வெளியாள் கையே வைக்கக்கூடாது என்கிறார். யார் சொல்வது சரி? அதுவரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டக்கூடாது. சர்வீஸ் சென்டர் பக்கத்தில்தான் என்றாலும், நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் லாரியில்தான் போக வேண்டும். முன்சக்கரத்தை மோட்டார் சுழற்றும் வண்டியை, அந்தச் சக்கரம் உருள இழுத்துச் சென்றால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேறு கோளாறைக் கொண்டுவரும்.

'நன்றாகத்தான் நிற்கிறது' என்பதை நம்பாதீர்கள். உங்கள் வண்டியை அன்றாடம் நிறுத்துவதில் பெரும்பங்கு ரீஜெனுடையது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் பிடித்து இழுக்கிறதே, அது. பிரேக் பெடலுக்கு அதிக வேலை இல்லாததால், பெடலில் இருக்கும் கோளாறு உங்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது ரீஜென் குறைந்துவிடும். சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்கினால் ரீஜென் விலகிக்கொள்ளும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும் நொடியில் மிஞ்சுவது ஆயில் பிரேக் மட்டும்தான். அப்போது குழாய்க்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டக்கூடும். துருவேறிய இடத்தின் ஊசித்துளை பிளப்பதும் அப்போதுதான். பெரும்பாலான முன்சக்கர இயக்க வண்டிகளில் பின் இடதும் முன் வலதும் ஒரே ஆயில் சுற்று. ஆகவே பின் குழாய் போனால் ஒரு முன் பிரேக்கும் சேர்ந்தே போகும்.

ஆயில் மட்டம் பற்றி ஒன்று. பெட்ரோல் வண்டியில் பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. மின்சார வண்டியில் பேட் அவ்வளவு எளிதில் தேயாது. எனவே மட்டம் இறங்கினால் ஊற்றி நிரப்புவதற்கு முன் கசிவைத் தேட வேண்டும். மூன்று நாளில் இறங்குகிறதென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மெக்கானிக்குகள் இருவரும் பாதிதான் சரி. பிரேக் குழாயில் மின்சாரம் கிடையாது; பெரும்பாலான கார்களில் இருக்கும் அதே 4.75 மில்லிமீட்டர் குழாய்தான் பொதுவாக இங்கும். வெளியாள் மாற்றலாம். ஆனால் கழற்றுவதற்கு முன்பும் மாட்டியதற்குப் பின்பும் செய்ய வேண்டியவை வேறு. அரை அடிச் செம்பு ஒட்டு மட்டும் எந்த வண்டிக்கும் வேண்டாம்.

ஏன் என்று ஒட்டுப் போடச் சொன்ன மெக்கானிக் கேட்பார். குளிர்சாதனக் கடையில் கிடைக்கும் சுத்தச் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி, நட்டுக்குப் பின்னால் கழுத்துப் பகுதியில் வெடிக்கும். வளையம் வைத்து நெருக்கும் இணைப்பு, தண்ணீர்க் குழாய்க்கும் எரிவாயுக் குழாய்க்கும் உரியது; பிரேக் அழுத்தத்தில் நழுவி வந்துவிடும். இரண்டு முனையையும் முறையாக விரித்து யூனியன் (திருகி இணைக்கும் மூட்டு) போட்டு இணைப்பது தாங்கும்தான், ஆனால் விரிக்க வேண்டிய பழைய முனையே துருப்பிடித்ததாக இருந்தால் விரிக்கும்போதே விரிசல் விடும். ஆகவே ஒரு யூனியனிலிருந்து அடுத்த யூனியன்வரை முழுத் துண்டாக மாற்றுங்கள்.

குழாய் வாங்குவது

கம்பெனிக் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது. வளைத்து, நட்டு மாட்டி, பூச்சோடு வரும். கிடைக்காவிட்டால் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய். துருப்பிடிக்காது, கையால் வளையும். பழைய குழாயின் பூச்சைச் சுரண்டிவிட்டு வெர்னியரில் அளந்து, அதே வெளி விட்டத்தில் வாங்குங்கள். நீளத்துக்குப் பழைய குழாயின் வளைவுகளோடு நூல் பிடித்து அளந்து, அதற்கு மேல் 10 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தவறு அதிகம் நடப்பது முனையில்தான். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் புனல்போல உள்பக்கம் மடிந்த இரட்டை விரிப்பு. ஐரோப்பிய வடிவமைப்பில் காளான் தலைபோல உருண்ட முனை. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டாலும் நட்டு ஏறும், முதல் மிதியில் கசியாமலும் இருக்கும், ஓங்கி மிதிக்கும்போது காட்டிக்கொடுக்கும். பழைய முனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுத்தான் விரிக்க வேண்டும். நட்டின் மரையும் அப்படியே. 10 மில்லிமீட்டர் நட்டிலேயே 1 மில்லிமீட்டர் இடைவெளி மரையும் உண்டு, 1.25ம் உண்டு. மாறினால் இரண்டு சுற்று ஏறி இறுகும். அதற்கு மேல் ஸ்பேனரால் திருகினால் விலை உயர்ந்த ஏபிஎஸ் பெட்டியின் மரை போய்விடும்.

குழாயை ஹாக்சா பிளேடால் அறுக்காதீர்கள். குழாய் வெட்டியால் வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, காற்றடித்து ஊதுங்கள். பிரேக் குழாய்க்கென்றே உள்ள விரிப்புக் கருவி வேண்டும். முதலில் வெட்டுத் துண்டுகளில் மூன்று நான்கு போட்டுப் பாருங்கள். விரிப்பதற்கு முன் நட்டை உள்ளே கோத்துக்கொள்ளுங்கள்; பழகிய கைகூட மறப்பது இதைத்தான்.

கழற்றுவதற்கு முன்

சார்ஜர் கன்னைக் கழற்றி, வண்டியை அணைத்து, சாவியை எட்டத்தில் வையுங்கள். பிறகு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் பணிமனைக் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். சில மின்சார வண்டிகளில் கதவைத் திறந்தாலோ பெடலைத் தொட்டாலோ பிரேக் யூனிட் தானே விழித்து அழுத்தம் ஏற்றும். குழாய் திறந்திருக்கும்போது அது நடந்தால் ஆயில் பீறிடும், காற்று உள்ளே ஏறும். கைபிரேக் மின்பொத்தானாக இருந்தால் பேட்டரியைக் கழற்றும் முன்பே அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஜாக்கியைக் கையேட்டில் குறித்த இடத்தில் மட்டும் கொடுங்கள். பேட்டரிப் பெட்டியின் அடியில் கொடுக்கவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காமல் ஸ்டாண்டு வையுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்தான் உயர் மின்னழுத்தம். அதைத் தொடவோ நகர்த்தவோ தேவையில்லை; புதுக் குழாயை அதோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டிவிடாதீர்கள். இறுகிய நட்டை கேஸ் டார்ச்சில் சூடாக்கித் தளர்த்தும் பட்டறைப் பழக்கம் இங்கே அடியோடு கூடாது, அருகில் இருப்பது லித்தியம் பேட்டரி.

சில மாடல்களில் குழாயின் ஒரு பகுதி பேட்டரிப் பெட்டிக்கு மேலே ஓடும். பெட்டியை இறக்காமல் எட்டாது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடை, உயர் மின்னழுத்த இணைப்பு: அது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. உங்கள் கசிவு பின்சக்கரத்துக்கு அருகில் என்பதால் அந்தத் தொல்லை இருக்க வாய்ப்பு குறைவு.

கழற்றி மாட்டுவது

நட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விடுங்கள். டிரம்முக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்பேனர் நட்டின் மூலையை மழுக்கிவிடும். பிரேக் குழாய்க்கென வரும், வாயில் வெட்டு விட்ட வளைய ஸ்பேனர் போடுங்கள். பெரும்பாலும் 10 அல்லது 11 மில்லிமீட்டர். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கினால், எப்படியும் தூக்கிப்போடும் குழாய்தானே, நட்டுக்கு அருகில் வெட்டிவிட்டு ஆறுபட்டை சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள். ரப்பர் ஹோஸ் பக்கத்து யூனியனை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும்.

திறந்த முனையை உடனே ரப்பர் மூடியால் அடையுங்கள். ஆயில் டப்பா காலியாகிவிட்டால் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போகும். அதன்பின் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) இல்லாமல் அதை வெளியேற்றுவது பெரும்பாடு. ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாவது இப்படித்தான்.

புதுக் குழாயை முழங்காலில் வைத்து வளைக்காமல், ஒரு பெரிய சாக்கெட்டைச் சுற்றி வளையுங்கள்; நசுங்கினால் அந்தத் துண்டு வீண். பழைய பாதையிலேயே போகட்டும், எல்லாக் கிளிப்பும் திரும்ப வரட்டும். கிளிப்பை இறுக்குவதற்கு முன்பே இரு முனை நட்டுகளையும் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றிவிடுங்கள். இறுக்கத்துக்குக் கையேட்டில் உள்ள அளவே முடிவு. இந்த அளவு நட்டுகளுக்குப் பொதுவாக 15 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். கசிகிறதே என்று வெறியோடு இறுக்கினால் விரிப்பு பிளந்துவிடும். தளர்த்தி மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் விரிப்பில்தான் பிழை.

ஏர் எடுப்பது

குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை இது. இதற்கு முன் பேனட்டைத் திறந்து பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) பின்னால் பெரிய வட்டத் தட்டு போன்ற பூஸ்டரும் (மிதியின் விசையைப் பெருக்குவது) அதில் ஒரு வெற்றிடக் குழாயும் இருந்தால் பழைய முறைதான். தட்டு இல்லாமல் மோட்டாரும் அலுமினியக் கட்டியுமாக இருந்தால் மின்னணு பூஸ்டர். டாடாவின் மின்சாரக் காரான நெக்ஸான் ஈவியின் 2022 மேக்ஸ் வகையில் வெற்றிடமில்லாத பூஸ்டரும் பின் டிஸ்க்கும் வந்தன. அந்த மாதிரி வண்டி பலவற்றில் ஏர் எடுக்க ஸ்கேனரில் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். அது உங்கள் மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று குழாயைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆயில், டப்பா மூடியில் அச்சிட்ட வகைதான். சீல் உடைக்காத புது பாட்டில். டாட் 4 என்றிருந்தால் டாட் 4. பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 ஊற்றிவிடக்கூடாது, அது சிலிகான். முழுச் சுற்றையும் மாற்ற ஒரு லிட்டர் போதும். நாலு வருட ஆயில் என்றால் முழுவதையும் மாற்றச் சொல்வேன். மின்சார வண்டியில் பிரேக் சூடாவதில்லை, ஆயில் கெடாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வண்டி சும்மா நின்றாலும் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். உள்ளிருந்து துரு வருவதும் அப்படித்தான்.

டப்பாவை நிரப்பிவிட்டு, பின் இடது சக்கரத்தில் காற்றை வெளிவிடும் நிப்பிளில் தெளிந்த டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அடிமட்டம்வரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் இதுவரை போகாத துருப்பகுதியில் உரசிக் கிழியும். குமிழி நின்றபின் அதே சுற்றின் முன் வலது சக்கரம், பிறகு மற்றவை. கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள்.

பெயின்டில் சிந்திய ஆயிலைத் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டிரம் லைனிங்கில் பட்டிருந்தால் கழுவிப் பயனில்லை, ஜோடியாக மாற்றுங்கள்.

சோதனை

12 வோல்ட் இணைப்பைக் கொடுத்து வண்டியை ஆன் செய்து, பெடலை ஓங்கி மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழிறங்கக் கூடாது. அதே வேளையில் இன்னொருவர் இணைப்புகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்க்கட்டும். பிரேக், ஏபிஎஸ் விளக்குகள் அணைய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரீஜென் இருக்கையில் மோட்டார் பிடித்ததை பிரேக் பிடித்ததாக நினைத்துத் திரும்பிவிடுவார்கள். காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மிதியுங்கள். அப்போது வேலை செய்வது ஆயில் பிரேக் மட்டுமே. ஒரு பக்கம் இழுக்காமல், பெடல் பஞ்சுபோல் அமுங்காமல் நின்றால்தான் சாலைக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் இணைப்புகளையும் மட்டத்தையும் மறுபடி பாருங்கள்.

உப்பளச் சாலையின் சேறு கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் தங்கி, அதிர்வில் பூச்சு தேய்ந்து துரு பிடித்திருக்கும். அதே கிளிப்பில் வலது சக்கரத்துக்குப் போகும் குழாயும் மாட்டியிருந்தால், அதையும் கிளிப்பிலிருந்து விடுவித்து விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு உப்பி உதிர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்; ஏர் எடுக்கும் வேலை ஒருமுறையோடு முடியும்.