வாசகர் கேள்வி–பதில்: வெற்று மார்பும் வெண்கலக் கேடயமும்

பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் மன்னன் லியோனிடாஸ், பாரசீகப் பேரரசன் செர்க்சிஸின் பெரும்படையைத் தெர்மோபைலே கணவாயில் மறித்த கதைதான் ‘300’. பிராங்க் மில்லர், லின் வார்லி இருவரின் 1998 படக்கதையை வைத்து ஜாக் ஸ்னைடர் இயக்கி, 2007-இல் திரைக்கு வந்தது. அந்தப் படம் பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

படம் முழுக்க இருட்டு. சண்டை மட்டும் டிவி சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடுகிறது. டிவியில் கோளாறா, படமே அப்படியா? (மன்னார்குடி வாசகர்)

இருட்டு படத்துடையது, வழுவழுப்பு உங்கள் டிவியுடையது. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் சினிமாவுக்கு நடுவே, இல்லாத ஃப்ரேம்களைத் தானே கற்பனை செய்து செருகும் வசதி இப்போதைய டிவிகளில் உண்டு. சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’ என்று பிக்சர் செட்டிங்கில் இருக்கும். கிரிக்கெட்டுக்கு நல்லதுதான். ஆனால் இந்தப் படத்தில் ஒரே ஷாட்டுக்குள் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கிறது. டிவி போடும் கணக்கு தப்பி, ஈட்டி முனையைச் சுற்றிப் படம் நெளியும். அணைத்துவிடுங்கள்.

இருட்டு வேண்டுமென்றே வைத்தது. நிழல்களை முழுக் கறுப்பாக அழுத்தி, வெளிச்சத்தை மேலே தூக்கி, மற்ற நிறங்களை வெளிற வைத்திருக்கிறார்கள். சிவப்பு மேலாடை மட்டும் பளிச்சென்று நிற்கும். ஏற்கெனவே அழுத்திய கறுப்பை டிவியின் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ மறுபடி அழுத்தினால் முகம் மறைந்துபோகும். பிக்சர் மோடை ‘சினிமா’வுக்கு மாற்றி, டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்து, ஷார்ப்னெஸைக் குறைத்துவிட்டு, ராத்திரி விளக்கணைத்துப் பாருங்கள். திரையில் பொடிப்பொடியாகத் துடிப்பது ஃபிலிம் கிரெயின். அதைத் துடைக்கப் போனால் தோலின் நுணுக்கமும் சேர்ந்து அழியும். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை: ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறும் அந்தப் புள்ளிகளை அனுப்ப நிறைய டேட்டா வேண்டும், சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளை ஜூம் செய்து நிரப்பாதீர்கள். ஓரத்து வீரர்களைப் பாரசீகர்களுக்கு முன்பே நீங்கள் வெட்டிவிடுவீர்கள்.

படத்தில் எவ்வளவு உண்மை? (திருவாரூர் வாசகர்)

போர் உண்மை. ஆண்டு கி.மு. 480. மூன்று நாள் சண்டையும், மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த எஃபியால்டிஸ் என்ற ஆளும் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸின் நூலில் இருக்கிறார்கள். “அம்புகள் சூரியனை மறைத்தால் நிழலில் சண்டை போடுவோம்” என்ற பேச்சும் அவர் எழுதியதே; சொன்னவன் பெயர் டைனிகிஸ்.

மற்றதில் கை வைத்தால் உதிர்ந்துகொண்டே வரும். கணவாயில் கூடிய கிரேக்கர்கள் சுமார் ஏழாயிரம் பேர் என்பது இன்றைய கணக்கு. கடைசி நாளில் பெரும்பாலோர் விலகிய பிறகும் தெஸ்பியா என்ற சிற்றூரின் 700 பேர் ஸ்பார்ட்டர்களோடு நின்று செத்தார்கள். படத்தில் அவர்களைக் காணோம். இருப்பதிலேயே பெரிய அநியாயம் இதுதான். எஃபியால்டிஸ் அந்த வட்டாரத்துக்காரன், ஸ்பார்ட்டாவில் பிறந்த கூனன் என்பது கற்பனை. எஃபோர்கள் மலையுச்சியில் வாழும் அழுகிய பூசாரிகளாக வருகிறார்கள். நிஜத்தில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து அதிகாரிகள். தூதரைக் கிணற்றில் தள்ளிய செய்தி ஹெரோடோடஸில் உண்டு, ஆனால் அந்தத் தூதர்கள் செர்க்சிஸின் தந்தை டேரியஸ் அனுப்பியவர்கள், சுமார் பத்தாண்டு முன்பு. காண்டாமிருகமும் போர் யானையும் அவர் சொல்லாதவை. ஒட்டகப்படை உண்டு. செர்க்சிஸை மொட்டைத்தலை ராட்சதனாகக் காட்டியிருக்கிறார்கள். பாரசீகச் சிற்பங்களில் அரசர்கள் சுருள்தாடியும் நீண்ட அங்கியுமாக இருப்பார்கள். ஈரான் கோபப்பட்டதில் வியப்பில்லை.

ஹெரோடோடஸும் சளைத்தவரில்லை. பணியாட்களைச் சேர்த்துப் பாரசீகப் படையை ஐம்பது லட்சத்துக்கு மேல் கொண்டுபோகிறார். இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஒன்றிலிருந்து மூன்று லட்சத்துக்குள் நிறுத்துகிறார்கள்.

சுதந்திரம், சுதந்திரம் என்று படம் முழங்குகிறது. ஸ்பார்ட்டாவில் வயலில் இறங்கி உழைத்தவர்கள் ஹெலட் என்ற அடிமைகள். அதைப் பற்றி மூச்சே இல்லை.

இதையெல்லாம் சொன்னாலும், கதையைச் சொல்வது யார் என்று கவனியுங்கள். அடுத்த ஆண்டு பிளாட்டியா போருக்கு முன்னால் படைக்கு வெறியேற்ற ஒரு வீரன் சொல்லும் கதை அது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடுவதை யாரும் போர்க்களக் குறிப்பாகப் படிப்பதில்லையே, இதையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

அந்தக் கடலோரச் செங்குத்துப் பாறையை இன்று போய்ப் பார்க்க முடியுமா? (வேதாரண்யம் வாசகர்)

பாறை கம்ப்யூட்டரில் பிறந்தது. படம் கனடாவின் மாண்ட்ரியலில் ஸ்டுடியோவுக்குள் எடுக்கப்பட்டது. குதிரைகள் வரும் காட்சிதான் வெளியே. நிஜக் கணவாய் மலைக்கும் கடலுக்கும் இடையே கிடந்த ஒடுங்கிய தரை. சில இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான் என்கிறார் ஹெரோடோடஸ். இப்போது போனால் ஏமாற்றமாக இருக்கும்: ஸ்பெர்கியோஸ் ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைச் சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது. ஆறு நிலம் செய்யும் வித்தையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெந்நீர் ஊற்றுகள் இன்னும் ஓடுகின்றன. கடைசிச் சண்டை நடந்த கோலோனோஸ் மேட்டில் 1939-இல் தொல்லியலாளர் ஸ்பைரிடன் மரினாடோஸ் தோண்டியபோது ஏராளமான அம்பு முனைகள் கிடைத்தன. அந்த மேட்டையாவது பார்த்துவிட்டு வரலாம்.

அடி விழும்போது மெதுவாகி, உடனே வேகமெடுக்கும் அந்த ஷாட்டை மொபைலில் எடுக்க முடியுமா? குறும்படத்துக்குக் கேட்கிறேன். (தஞ்சாவூர் வாசகர்)

முடியும். படத்தில் ஹைஸ்பீடில் எடுத்து, பிறகு வேகத்தை ஏற்றி இறக்கினார்கள். லியோனிடாஸ் வெட்டிக்கொண்டே முன்னேறும் நீண்ட ஷாட்டில் வெவ்வேறு லென்ஸ் போட்ட மூன்று கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கிறார்கள்.

நீங்கள் நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுங்கள். 24 ஃப்ரேம் டைம்லைனில் வேகத்தை 20 சதவீதமாக்கினால் ஒரு நொடி ஐந்து நொடியாக நீளும். 30 ஃப்ரேமில் எடுத்ததை அதே அளவு இழுத்தால் திக்கித் திக்கித்தான் ஓடும். ஷட்டர் 1/250 அளவில் இருக்கட்டும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஆகவே வெயிலில் எடுங்கள். சாதாரண டியூப்லைட் நம் கரண்டில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 120 ஃப்ரேமில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும்.

கை ஓங்குவது சாதாரண வேகம். அடி படுவதற்கு மூன்று நான்கு ஃப்ரேம் முன்பே மெதுவாகத் தொடங்கி, பட்டதும் வேகத்தைத் திருப்பிக் கொடுங்கள். மாறும் இடத்தில் வேகத்தைப் படிப்படியாக மாற்றும் ‘கர்வ்’ போடாவிட்டால் வெட்டி ஒட்டியதுபோல் குதிக்கும். முழு அடியையும் மெதுவாக்குவதுதான் பலரும் செய்வது. வேகம் பக்கத்தில் இருந்தால்தானே மெதுவுக்கு மதிப்பு! ஒரிஜினல் ஒலியை எடுத்துவிட்டுத் தனியாகச் சேருங்கள்.

பின்னால் கட்டும் துணி நீலமா, பச்சையா? (கும்பகோணம் வாசகர்)

துணியின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டு வேறு பின்னணி வைப்பதற்குத்தான் அந்தத் துணி. இந்தப் படத்தில் பெரும்பாலும் நீலம். சிவப்பு மேலாடைக்கு அதுதான் ஒத்துவந்தது. உங்கள் காட்சியில் வாழை இலையோ வெற்றிலையோ வந்தால் பச்சைத் துணி கூடவே கூடாது, தட்டில் இலை இருக்கும் இடம் ஓட்டையாகிவிடும். துணியை இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டுங்கள், சுருக்கத்தின் நிழல் தனி நிறமாகப் பதியும். ஆள் துணியிலிருந்து ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் நீலம் தோளில் வழியும். துணிக்கு ஒரு விளக்கு, ஆளுக்கு வேறு விளக்கு.

செர்க்சிஸின் படையில் இந்தியர்கள் இருந்தார்களாமே? (சீர்காழி வாசகர்)

இருந்தார்கள். பருத்தி உடை, பிரம்பு வில், இரும்பு முனை வைத்த பிரம்பு அம்பு என்று ஹெரோடோடஸ் அடையாளம் சொல்கிறார். பாரசீக ஆட்சிக்குட்பட்ட சிந்துப் பகுதிக்காரர்கள் அவர்கள், நம் பக்கத்தவர்களில்லை.

உங்கள் பக்கத்துக்கு வேறு சம்பந்தம் இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து, காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்களை, அதாவது கிரேக்க, ரோம நாட்டவரை, வர்ணிக்கிறார்: “மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து, வலிபுணர் யாக்கை, வன்கண் யவனர்.” உடம்பை மூடிய சட்டை, இடுப்பில் சாட்டை. நப்பூதனாரின் யவனர்கள் சட்டை போட்டிருக்கிறார்கள். படத்தின் ஸ்பார்ட்டர்களுக்குத்தான் வெற்று மார்பு. நிஜ ஸ்பார்ட்டர்களும் வெண்கலத்திலோ தடித்த துணியிலோ மார்புக்கவசம் அணிந்தவர்கள். வெற்று மார்பு படக்கதையிலிருந்து வந்தது.

திருவிழாவில் புரொஜெக்டர் வைத்து இந்தப் படத்தைப் போடலாமா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

வேண்டாம். தலை வெட்டும் காட்சிகளும் நிர்வாணமும் பாலியல் வன்முறையும் உள்ள படம், குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு ஆகாது. பொதுத் திரையிடலுக்கு உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. விளக்கு விழாத திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் கறுப்பு. தெருவிளக்கு பட்டால் பாதிப் படம் சாம்பல். வெளிச்சமான படமாகப் பார்த்துப் போடுங்கள். வேட்டித் துணியைத் திரையாகக் கட்டினால் பின்னால் கறுப்புத் துணி ஒன்றும் சேர்த்துக் கட்டுங்கள். ஒளி ஊடுருவிப் போகாது.

கல்லூரி நாடகத்துக்கு ஸ்பார்ட்டக் கேடயம் செய்வது எப்படி? (பாபநாசம் வாசகர்)

அசல் கேடயம் மூன்றடி விட்டம், கிண்ணம்போல் குழிந்த மரம், மேலே மெல்லிய வெண்கலத் தகடு. எடை ஆறிலிருந்து எட்டு கிலோ. மேடைக்கு இரண்டு கிலோவைத் தாண்டாதீர்கள், இரண்டாவது காட்சியிலேயே கை தொங்கிவிடும்.

வாய் அகன்ற, ஆழம் குறைந்த மூங்கில் கூடை ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, செய்தித்தாளை மைதாப் பசையில் நனைத்து ஐந்தாறு அடுக்கு ஒட்டுங்கள். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை நன்றாகக் காயவேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே பூசணம் பிடித்து உப்பும். பசையில் சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், கையைக் கழுவிவிடுங்கள்.

பிடியில்தான் பலரும் கோட்டைவிடுவார்கள். நடுவில் ஒரே பிடி வைத்தால் கேடயம் சுழலும். கிரேக்கர்கள் இரண்டு வைத்தார்கள்: முழங்கைக்குக் கீழே முன்கை நுழைய நடுவில் அகலப் பட்டை, விரல்கள் பற்ற விளிம்பில் கயிறு. இடக்கையில் மாட்டி வரிசையாக நிற்கும்போது, கேடயத்தின் பாதி இடப்பக்கத்து ஆளை மூடவேண்டும். ஈட்டி ஏழெட்டடி மூங்கில். முனைக்கு ரப்பர் போடாமல் ஒத்திகைக்கே எடுக்காதீர்கள்.